மாடிவீட்டுக்காரனின் பெண்டாட்டி

ரயிலை விட்டு இறங்கியபோது ஒட்டடைக்குச்சிக்கு வழி மனப்பாடமாக இருந்தது. ஸ்டேஷனுக்கு இடப்பக்கம் போனால் ரொட்டித் தொழிற்சாலை வரும். அதைத் தாண்டினால் நீல கேட் போட்ட மூன்று மாடி வீடு வரும். கேட்டைத் தட்டினால் உலகத்திலேயே சாந்தமான பெண்பிள்ளை ஒருத்தி வந்து திறப்பாள். அவளிடம் ஒரே ஒரு சேதி சொல்ல வேண்டும்: உங்கள் புருஷன் உயிரோடு இருக்கிறான், காலில் அடிபட்டு எல்லைப்புற ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், எழுந்து நடந்ததும் வந்துவிடுவான்.

இதிலே என்னய்யா கஷ்டம் என்று கேட்பீர்கள். ரொட்டித் தொழிற்சாலை ஒழுங்காக வந்தது. மூன்று மாடி வீடுதான் வரவே இல்லை.

ஒட்டடைக்குச்சிக்குப் பெற்றவள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் எதிரியிடம் பிடிபட்டுச் சிறை முகாமில் கிடந்த காலம் முழுக்க அந்தப் பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை. வளர்த்தியும் ஒல்லியுமாக இருந்ததால் அவன் ஒட்டடைக்குச்சி. பக்கத்துப் பலகையில் படுத்தவன் ஓயாமல் தன் வீட்டுப் பெருமை பேசியதால் அவன் மாடிவீடு. "டேய் மாடிவீடு, கொஞ்சம் தள்ளிப் படுடா" என்றால், தன் பெயரே அதுதான் என்பது போல நகர்ந்து படுப்பான்.

அந்த முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் தலை எண்ணி உள்ளே விட்டுக் கதவைப் பூட்டியதும் யாராவது ஒருத்தன் கேட்பான்: "இன்னைக்கு யார் வீடு?" முறை வந்தவன் மற்ற எல்லாரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். எல்லாம் வாய் வார்த்தையாகத்தான். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், கால் துடைக்க வேண்டும், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார வேண்டும். வீட்டுக்காரன் பரிமாறாததைக் கேட்கக் கூடாது. எழுந்து வரும்போது வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு வராவிட்டால் அடுத்த முறை அழைப்பு கிடையாது. சிரிக்காதீர்கள். வயிறு ஒட்டிக் கிடந்த அந்த ஆட்கள் இந்த விருந்தில்தான் உயிர் பிழைத்தார்கள். ஒருவனுடைய மாமியாருக்கு அங்கே எல்லாருமே பயந்தார்கள். ஒட்டடைக்குச்சி வீட்டில் அவன் அம்மா போதும் போதும் என்றாலும் விடாமல் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பாள்.

ஆனால் மாடிவீட்டின் முறை வந்தால்தான் எல்லாருக்கும் கொண்டாட்டம். பம்பு கம்பெனி முதலாளி வீடல்லவா? படியேறியே மூச்சு வாங்கும். மூன்றாவது மாடியில் சாப்பாட்டு அறை. ஜன்னலைத் திறந்தால் ஆறு. "வாங்க, களைச்சு வந்திருப்பீங்க" என்று பூப்போல ஒரு குரல். அந்தக் குரலுக்காகவே சிலபேர் அன்றைக்கு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டடைக்குச்சி அதில் ஒரு வார்த்தையைக்கூடச் சந்தேகப்படவில்லை. அவன் அப்படி, வெள்ளந்தி.

விடுதலை அன்றைக்கு எல்லாரையும் லாரியில் ஏற்றி எல்லைக்குக் கொண்டுவந்தார்கள். சந்தோஷம் தாங்காமல் மாடிவீடு லாரியிலிருந்தே ஒரு குதி குதித்துக் காலை உடைத்துக்கொண்டான். ஊருக்குப் போகிற ரயில் அவனுக்காக நிற்காது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது, "அவகிட்ட போய் சொல்லுடா! நான் வரேன்னு சொல்லு!" என்று கத்தினான். ஒட்டடைக்குச்சியும் அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் முடிப்பது என்று வழியிலேயே இறங்கிவிட்டான்.

"மூணு மாடியா?" என்றார் டீக்கடைக்காரர். "இந்தத் தெருவுல ரெண்டாவது மாடி கட்டினாலே காத்துல விழுந்துடும் தம்பி."

"பம்பு கம்பெனி முதலாளி வீடுங்க."

"கம்பெனியா? ஒரு பம்பு ரிப்பேர் பட்டறை இருக்கு. வீட்டுக்காரன் சண்டைக்குப் போனான், போயே சேந்துட்டான். அவன் பொண்டாட்டிதான் நடத்துறா. இன்னைக்குச் சாயங்காலத்தோட அதுவும் மூடறாங்க. பாத்துப் பேசு, வாய் ஜாஸ்தி."

தகரக் கூரை போட்ட பட்டறை அது. முன்னறை முழுக்கக் கழற்றிப் போட்ட மோட்டார்களும் குழாய்த் துண்டுகளும் கிடந்தன. பின்னால் சமையலறையோடு ஒரே ஒரு அறை. முழங்கை வரை கிரீஸ் அப்பிய ஒரு பெண்பிள்ளை ஒரு பம்பைக் காலால் மிதித்துக்கொண்டு, கையில் பெரிய ஸ்பேனரோடு ஒரு போல்ட்டை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

"வரியா, இல்ல ஒடைச்சே எடுக்கட்டுமா?"

போல்ட்டு பயந்துபோய் வந்துவிட்டது. ஒட்டடைக்குச்சியும் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"முதலாளியம்மா இருக்காங்களா?"

"எந்த முதலாளியம்மா?"

"பம்பு கம்பெனி... மூணு மாடி வீட்டு..."

"வழி தப்பி வந்துட்டீங்க. கிளம்புங்க, எனக்கு வேலை கிடக்கு."

"சண்டையில எதிரி புடிச்சிட்டுப் போன ஒருத்தரோட வீடுங்க. அவரு உயிரோடதான் இருக்காரு. நான் அவரு கூட இருந்தவன்."

அவள் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "உக்காரு," என்றாள். அந்த 'உக்காரு'வில் வரவேற்பு மருந்துக்கும் இல்லை.

"நீ எத்தனாவது ஆளுன்னு தெரியுமா? சண்டை முடிஞ்சதுலேர்ந்து வரிசையா வந்துட்டே இருக்கானுங்க. உன் புருஷன பாத்தேன், வழிச்செலவுக்குக் குடு, அவன கூட்டிட்டு வரேன்னு. ஒருத்தன் தோள்ல இருக்கற மச்சத்தச் சொன்னான். நம்பி ஒரு புது மோட்டாரையே தூக்கிக் குடுத்தேன். அப்புறம் பாத்தா, டீக்கடையில உக்காந்து எல்லாத்தையும் விசாரிச்சிட்டு வந்திருக்கான். சர்க்காரு அந்த மனுஷன் போட்டிருந்த கம்பளிக் கோட்டையே கொண்டாந்து குடுத்தாச்சு. அதப் போட்டுட்டு ஒரு பொணம் கிடந்துச்சாம்."

"கோட்ட அவரு குளிர்ல நடுங்கினவனுக்குக் கழட்டிக் குடுத்துட்டாரு அண்ணி!"

"அண்ணியா? நல்லா இருக்கே! சரி, சொல்லு. உன் சிநேகிதன் வீட்டப் பத்தி என்ன சொன்னான்?"

ஒட்டடைக்குச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. படிக்கட்டில் தொடங்கினான். கைப்பிடி தேக்கு மரம் என்றான். மூன்றாவது மாடி சாப்பாட்டு அறைக்கு வந்து, ஜன்னலையும் திறந்து, ஆற்றையும் காட்டினான். அவள் எழுந்துபோய்ப் பட்டறையில் இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தாள். எதிரே ரொட்டித் தொழிற்சாலையின் அழுக்குச் சுவர்.

"ஆறு தெரியுதா?"

"இல்ல..."

"அவன் பொண்டாட்டி எப்படியாம்?"

"கோவம்னா என்னன்னே தெரியாதாம். குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேக்காதாம். அவரு எவ்வளவு லேட்டா வந்தாலும், களைச்சு வந்திருப்பீங்கன்னு..." எதிரே நிற்பவளைப் பார்த்ததும் அவன் குரல் தானாகவே இறங்கிப்போனது.

"இதெல்லாம் அவனா சொன்னான்?"

"வாய் மூடமாட்டாரு அண்ணி. பேசிட்டே இருப்பாரு."

"அப்ப அது என் புருஷன் இல்ல," என்று வெட்டிவிட்டாள் அவள். "என் வீட்டு மனுஷன் நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினா அதிகம். அதுலயும் பாதி 'நாளைக்கு'ன்னுதான் இருக்கும். முன்னாடி வந்தவனுங்களாவது விசாரிச்சிட்டு வந்தானுங்க. உனக்கு ஏமாத்தக்கூடத் துப்பில்ல. எழுந்திரு. வாங்கறவர் வண்டியோட வரப்போறாரு. எல்லாத்தையும் ஏத்தி அனுப்பிட்டு நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். இனிமே இந்த வாசலப் பாத்துட்டு உக்கார எனக்குத் தெம்பில்ல."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் பலமாக ஒரு அதட்டல் போட்டாள். ஒட்டடைக்குச்சி வெளியே வந்து ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தான். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இது வேறு வீடாக இருந்தால் சரி. இதுவேதான் வீடு என்றால், மாடிவீடு நொண்டிக்கொண்டு வந்து நிற்கும்போது இங்கே பூட்டிய கதவுதான் இருக்கும். எவ்வளவு நம்பி அனுப்பினான் அவன்! 

உள்ளே அவள் சாமான்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். "உருளுது பாரு, நில்லேன்! உனக்கென்ன சொல்லி அழணுமா?"

அவன் காதைத் தீட்டிக்கொண்டான். இப்படித் திட்டு வாங்குகிற ஒரு ஆளை அவன் எங்கேயோ கேட்டிருக்கிறான்.

ஆமாம், முகாமில்தான். மாடிவீடு கடும் காய்ச்சலில் கிடந்தானே, அப்போது. அவன் அன்றைக்கு உளறிய உளறலைக் கேட்டு மற்ற எல்லாரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவன் உளறியது அந்தச் சாந்தமான பெண்டாட்டியிடம் இல்லை. யாரோ ஒரு ராட்சசியிடம் 'டி' போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தான். மறுநாள் ஒரு மூலையில் கூடி முடிவு செய்தார்கள்: பெரிய மனுஷன், வெளியே ஒரு தொடுப்பு இருக்கிறது, நமக்கெதற்கு ஊர்வம்பு, எவனும் இதை வெளியே மூச்சு விடக்கூடாது. ஒட்டடைக்குச்சியும் சத்தியம் செய்திருந்தான்.

இப்போது அவன் மூளையில் பளிச்சென்று பல்பு எரிந்தது. அடடா, வந்தது அந்த வீட்டுக்கு! இடம் மாறி வந்துவிட்டோமே! அவன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடி உள்ளே போனான். இந்தத் தடவை 'அண்ணி' என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை.

"அக்கா."

"இன்னும் போகலையா நீ?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேக்காமலே கோவம் வருது. கேட்டுத் தொலை."

"நீங்க அவரோட... எப்படிச் சொல்றது... நீங்க அவரோட சின்ன வீடுங்களா?"

 அடுத்த நொடி ஸ்பேனர் மேலே எழுந்தது. ஒட்டடைக்குச்சி ஒரு பெரிய மோட்டாருக்குப் பின்னால் பாய்ந்தான். அவள் இந்தப் பக்கம் வந்தால் அவன் அந்தப் பக்கம் போனான்.

"என்னடா சொன்ன?"

"நானா சொல்லல அக்கா! காய்ச்சல்ல அவரேதான் உளறினாரு!"

"என்ன உளறினான்?"

"சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கோம்."

"சொல்றியா, மண்டையப் பொளக்கட்டுமா?"

சத்தியம் பெரிதா மண்டை பெரிதா என்று அவன் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மாடிவீடு கெஞ்சிய அதே குரலில் கொட்டிவிட்டான்.

"'திட்டாதடி. நாளைக்கு அந்தக் குழாயச் சரி பண்ணிடறேன்டி. நாளைக்குன்னா நாளைக்கேதான்டி. அடியே, வாளிய உதைக்காத, தண்ணி கொட்டுது பாரு.' இப்படியேதான் அக்கா, விடிய விடிய. நடு நடுவுல சிரிப்பு வேற. வீட்டுல அப்படியொரு தங்கமான சம்சாரத்த வெச்சுக்கிட்டு எவளோ ஒரு ராட்சசிகிட்ட..."

நாக்கைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தான். அடி விழவில்லை. அவள் ஸ்பேனரை மேஜை மேல் மெதுவாக வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு நின்ற அந்த அமைதியில் சமையலறைக் குழாய் வாளியில் சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

"சிரிச்சானா?" என்றாள்.

"வாய் கொள்ளாம சிரிச்சாரு."

"திட்டு வாங்கிட்டே சிரிப்பான். அந்தச் சிரிப்பப் பாத்தாதான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வரும்." அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "இந்தக் குழாய்ச் சண்டை எங்க ரெண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. டீக்கடையில விசாரிச்சா கிடைக்காது. அய்யோ, உயிரோட இருக்கான்! என் வீட்டு மனுஷன் உயிரோட இருக்கான்!"

சிரித்தாள். அழுதாள். எது சிரிப்பு எது அழுகை என்று பிரிக்க முடியாமல் இரண்டும் சேர்ந்து வந்தன. ஒட்டடைக்குச்சிக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் அவனுக்கு வேறொரு துக்கமும் சேர்ந்துகொண்டது.

"அப்ப அந்த மூணு மாடி?"

"ஏது மூணு மாடி? இதே தகரம்தான்."

"சாப்பாட்டு அறை?"

"நீ நிக்கற இடம்தான்."

"அங்க நான் எத்தனை தடவை வயிறார சாப்பிட்டிருக்கேன் அண்ணி!" என்றான் அவன், பறிகொடுத்தவன் போல.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்த பார்வையில் இப்போது கோபம் இல்லை. "அவன்தான் பேசினானா இதெல்லாம்? வாயத் திறந்து? உங்களுக்கெல்லாம் சோறு போடறதுக்கா?" என்று மெல்லக் கேட்டாள். அவன் தலையாட்டினான். கால் உடைந்து எல்லைப்புற ஆஸ்பத்திரியில் கிடக்கிற கதையையும் சொன்னான்.

"லாரியிலேர்ந்து குதிச்சானா? ஏன், இறக்கிவிட மாட்டாங்களா? அறிவுன்னு ஒண்ணு இருந்தா குதிப்பானா?" அவள் தொடங்கிவிட்டாள். அவள் திட்டத் திட்ட ஒட்டடைக்குச்சிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. பழைய இரும்பு வாங்குகிறவர் தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டுத் தான் பின்னால் இறங்கினார்.

"எல்லாம் தயாரா இருக்காம்மா?"

"விக்கலைங்க."

"என்னம்மா இது? பேச்சுன்னா ஒரு பேச்சா இருக்க வேண்டாமா?"

"புருஷன் செத்துட்டான்னு பேசின பேச்சு அது. இப்ப இருக்கான்."

அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அப்புறம் ஒட்டடைக்குச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார், என்னவோ இவன்தான் செத்துப் பிழைத்தவன் போல. நல்ல மனுஷன்தான். "முதல்ல ஒரு வாய் தண்ணி குடிக்கறேன்" என்று சமையலறைக்குப் போனவரின் சிரிப்புச் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

"பம்பு ரிப்பேர்க்காரி வீட்டுலயே குழாய் ஒழுகுதே! ஒரு வாஷர் மாத்தினா நின்னுடும். இரும்மா, நானே..."

"கைய எடுங்க!"

வேனில் உட்கார்ந்திருந்த டிரைவர்கூடத் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தார். அவள் சமையலறை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வட்டாரத்துல ஒழுகற குழாய் அத்தனையும் நான்தான் சரி பண்றேன். இத மட்டும் தொடல. இது அவன் வேலை. அவனே வந்து பண்ணட்டும்னு..."

 செத்துப்போனான் என்று ஊரெல்லாம் சொன்னவள்தான். சர்க்கார் கொடுத்த கோட்டை வாங்கிக்கொண்டவள்தான். கடையை விற்கவும் துணிந்தாள். ஆனால் இத்தனை காலமும் அந்த வாளி நிறைய நிறைய எடுத்துக் கொட்டிவிட்டு, மறுபடி கொண்டுவந்து குழாய்க்கு அடியில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இரும்புக்காரர் வெளியே வந்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வந்த வண்டி வெறுமனே திரும்ப வேண்டாம்," என்றாள் அவள். "என்னைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல விடுங்க. நானே போய்க் கூட்டிட்டு வரேன். அங்கயே விட்டா நர்சுங்ககிட்ட நாலாவது மாடி கட்ட ஆரம்பிச்சிடுவான்."

முகத்தைக் கழுவித் துணி மாற்றிக்கொண்டு, ஒரு பையோடு வந்தாள். பட்டறையைப் பூட்டினாள். ஒட்டடைக்குச்சி வேனில் பின்னால் ஏறிக்கொண்டான். அவனுக்கும் ஸ்டேஷனுக்குப் போய் அம்மாவிடம் போகும் ரயிலைப் பிடிக்க வேண்டும். அவள் முன்படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"தம்பி. அந்தப் பொம்பள, அந்த மாடிவீட்டுக்காரி... அழகா இருப்பாளா?"

பொய் சொல்ல அவனுக்கு எப்போதுமே வராது. "ரொம்ப அழகுன்னுதான் சொல்லுவாரு."

"ம்." அவள் தன் கையைப் பார்த்தாள். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. "இத்தனை வருஷமா மனசுக்குள்ள அவளோடயே குடும்பம் நடத்தியிருக்கான். கத்தாம, திட்டாம, பூ மாதிரி ஒருத்தி. இப்ப நான் போய் எதிர்ல நின்னா, அவனுக்குச் சப்புன்னு ஆயிடாதா?"

வாய் வலிக்கத் திட்டுகிற அந்தப் பெண்பிள்ளை இவ்வளவு சின்னக் குரலில் பேசி ஒட்டடைக்குச்சி அதற்கு முன் கேட்கவில்லை. அவனுக்குச் சாமர்த்தியமாகப் பேச வராது. தலையைச் சொறிந்தான். தெரிந்ததைச் சொன்னான்.

"அண்ணி, அந்த மாடி வீட்டுக்கு எங்க எல்லாரையும் கூட்டிட்டுத்தான் போவாரு. எங்கள மாதிரி அவரும் அங்க விருந்தாளிதான். ஆனா அன்னைக்குக் காய்ச்சல்ல பிழைக்க மாட்டாருன்னு நாங்க எல்லாம் கைவிட்டுட்டோம். அன்னைக்கு எங்கள ஒருத்தரையும் கூப்பிடல. தனியா நேரா உங்ககிட்டதான் வந்தாரு."

 இரும்புக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு விறுவிறுவென்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"இத வந்ததும் வராததுமா சொல்றதுக்கு என்னடா கேடு உனக்கு? படிக்கட்டாம், தேக்காம், ஆறாம்!" என்று பின்னால் திரும்பி அவனை ஒரு பிடி பிடித்தாள். பிறகு டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"என்ன வேடிக்கை பாத்துட்டிருக்கீங்க? சீக்கிரம் வண்டிய எடுங்க. அவனுக்குக் குடுக்கவேண்டிய திட்டு வருஷக்கணக்கா பாக்கி கிடக்கு."